கை அதேதான், தாடை வேறு

1980-ல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி. கூட்டம் போனது அலியைப் பார்க்க; எம்.ஜி.ஆரும் அலியும் சேர்ந்து நிற்கும் படம் இன்றும் கைக்குக் கை சுற்றுகிறது. எதிர் மூலையில் நின்றவரை மட்டும் ஊர் மறந்துவிட்டது. அவர் பெயர் ஜிம்மி எல்லிஸ். அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர், சின்ன வயதிலிருந்தே அலியோடு பயிற்சி செய்தவர், அமெச்சூர் காலத்தில் அலியை ஒரு தடவை தோற்கடித்தவர். எடைப் பிரிவு மாறினால் குத்தின் பலம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டு மண்ணில் கால் வைத்தவர்களில் இவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்கமாட்டார்.

எல்லிஸ் 1961-ல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தபோது மிடில்வெயிட். அதாவது 160 பவுண்டு, நம் கணக்கில் 72.5 கிலோ. அங்கே அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. 1964-ல் ரூபின் கார்ட்டரிடம் தோற்றார், ஜார்ஜ் பென்டனிடமும் தோற்றார். உடம்போ வளர்ந்துகொண்டே போனது. எடையை அடக்கி வைப்பதை விட்டுவிட்டு ஹெவிவெயிட்டுக்குப் போனார். 1967 ஆகஸ்டில் லியோட்டிஸ் மார்ட்டினை ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தினார். அதே டிசம்பரில், பாறை போல் நிற்பார் என்று பெயரெடுத்த அர்ஜென்டினாவின் ஆஸ்கார் பொனவேனாவை இரண்டு தடவை தரையில் விழவைத்தார். 1968 ஏப்ரலில் ஜெர்ரி குவாரியை வென்று, அலியிடமிருந்து பறிக்கப்பட்டுக் காலியாகக் கிடந்த உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டார். அப்போது எடை 90 கிலோவுக்குப் பக்கம். நாலைந்து வருஷத்தில் பதினேழு கிலோ போல ஏறியும், வலது கையின் பலம் குறைந்ததாகத் தெரியவில்லை. கூடியிருந்தது என்றே சொல்லலாம்.

ரசிகர்கள் சொல்லும் விதி இதற்கு நேர் எதிர். மேல் பிரிவுக்குப் போனால் பவர் கூட வராது என்பார்கள். அதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் டெரன்ஸ் கிராஃபோர்ட் தொடர்ந்து பதினோரு பேரை நேரம் முடியுமுன்பே நிறுத்தியவர். 2024 ஆகஸ்டில் 154 பவுண்டுக்கு ஏறினார். இஸ்ராயில் மத்ரிமோவைப் புள்ளிக் கணக்கில்தான் வெல்ல முடிந்தது. 2025 செப்டம்பரில் 168 பவுண்டுக்குத் தாவி கனேலோ அல்வாரெஸையே வென்றார். அதுவும் புள்ளிக் கணக்கு. திறமை ஏறிவந்தது, நாக்-அவுட் ஏறவில்லை.

எங்கள் நாட்றம்பள்ளிப் பக்கத்தில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வரும். ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடித்து, பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக ஜிம்முக்குப் போகிற பையன்கள் கேட்பார்கள்: "அண்ணே, பத்து கிலோ ஏத்துனா குத்து பலமா விழும்ல?" விழும், விழாது இரண்டுமே சரி. எதை ஏற்றுகிறாய், யார் மேல் விழுகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் குத்தின் பலம் என்பது என்ன என்று பார்க்கலாம். இதை அளந்திருக்கிறார்கள். 1985-ல் பிரிட்டனின் ஃபிராங்க் புருனோவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, தொங்கவிட்ட எடையில் குத்தச் சொன்னார்கள். கை விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் போனது. இடித்தபோது எழுந்த உச்ச விசை 4,096 நியூட்டன், ஏறக்குறைய 400 கிலோ பாரத்துக்குச் சமம். ஆறு கிலோ மரச் சம்மட்டியைத் துணி சுற்றி, மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் வீசுவதற்கு ஒப்பு என்று எழுதினார்கள். புருனோ ஹெவிவெயிட், பத்து வருஷம் கழித்து உலகப் பட்டமும் வென்றார்.

ஆனால் ஒரு ஹெவிவெயிட்டை மட்டும் அளந்தால் நம் கேள்விக்குப் பதில் வராது. அமெரிக்காவில் வாலில்கோ, வியானோ, பிர் என்ற மூவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வுதான் பயன்படும். ஃபிளைவெயிட் தொடங்கி சூப்பர் ஹெவிவெயிட் வரை ஐந்து பிரிவுகளைச் சேர்ந்த ஏழு ஒலிம்பிக் வீரர்களை, கார் மோதல் சோதனைக்குப் பயன்படுத்தும் பொம்மையின் முகத்தில் நேர்க்குத்து விடச் செய்தார்கள். சராசரி விசை 3,427 நியூட்டன். கையின் வேகம் விநாடிக்கு 9.14 மீட்டர். சூப்பர் ஹெவிவெயிட்டுகள் மற்றவர்களைவிடக் கனமாக இடித்தார்கள், அதில் ஆச்சரியமில்லை. ஏன் கனமாக இடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய ஆளின் கை வேகமாகப் போனதால் அல்ல. குத்தோடு சேர்ந்து போன எடை அதிகம் என்பதால்.

இந்த எடையைப் 'பயன்படு நிறை' என்று சொல்லலாம். அந்த ஆய்வில் அதன் சராசரி 2.9 கிலோ. ஒரு மனிதனின் முழுக் கை, தோளிலிருந்து விரல்வரை, உடல் எடையில் ஐந்து சதம் போல இருக்கும். எழுபது கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ. ஆக சராசரிக் குத்தில் ஒரு கையின் எடைகூட முழுசாகச் சேர்வதில்லை. மீதி எங்கே போகிறது? மணிக்கட்டு மடங்குகிறது, முழங்கை இளகுகிறது, தோள் பின்வாங்குகிறது. இடிக்கும் அந்த நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் உடம்பு முழுக்க ஒரே கட்டையாக இறுகினால்தான் முதுகும் இடுப்பும் குத்துக்குப் பின்னால் நிற்கும். ஆளுக்கு ஆள் இந்த எண் பயங்கரமாக மாறுகிறது: 2.9 கிலோ சராசரிக்கு விலகல் 2 கிலோ!

கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் 2010-ல் கலப்புச் சண்டை வீரர்களின் தசைகளில் மின்முனை ஒட்டிப் பார்த்தபோது, நல்ல அடி அடிப்பவர்களின் தசை இரண்டு தடவை இறுகுவதைக் கண்டார். கிளம்பும்போது ஒரு தடவை. நடுவில் தளர்ந்துவிடுகிறது; தளர்ந்தால்தான் கை வேகம் எடுக்கும். மோதும்போது மறுபடி ஒரு தடவை. இந்த நேரக் கணக்கு தெரியாதவன் நூறு கிலோ இருந்தாலும் தள்ளத்தான் செய்வான். சோவியத் ஆய்வாளர்கள் 1985-லேயே இன்னொரு பக்கத்தைக் காட்டிவிட்டார்கள்: தேர்ந்த வீரரின் குத்தில் காலின் பங்கு நாற்பது சதத்தை நெருங்குகிறது, புதியவரின் குத்தில் அது பதினேழு சதத்தைத் தாண்டவில்லை. ஜிம்மில் எல்லோரும் புஜத்தைக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். தொடையைப் பார்ப்பவன் குறைவு.

சரி, எடை கூடினால் என்ன? இதற்குக் குத்துச்சண்டையைவிடச் சுத்தமான கணக்கு பளுதூக்குதலில் கிடைக்கும். அங்கே எதிராளி இல்லை, இரும்பு மட்டும்தான். அந்த விளையாட்டு நமக்குத் தூரமும் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், நாட்றம்பள்ளியிலிருந்து அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் எண்பது கிலோமீட்டர் சுமாரில் வருகிற ஊர்க்காரர், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டுகோஸ்டில் மறுபடியும் அதே பிரிவில் தங்கம். 328 என்பது பிரிவு எடையின் நான்கேகால் மடங்கு. இப்போது இரண்டு ஓரங்களையும் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் சீனாவின் லாங் சிங்சுவான் 307 கிலோ தூக்கினார், ஐந்தரை மடங்கு. அதே ரியோவில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 473 கிலோ தூக்கினார். அவர் எடை 157 கிலோ. மூன்று மடங்குதான்.

காரணம் வடிவ கணிதம். தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. உடம்பு எல்லாப் பக்கமும் சீராகப் பெருத்தால் எடை மும்மடிக் கணக்கில் ஏற, பலம் இருமடிக் கணக்கில்தான் ஏறும். பத்து சதம் எடை கூட்டினால், கூடியதெல்லாம் ஒழுங்கான தசையாகவே இருந்தாலும், பலம் ஆறு ஏழு சதம்தான் கூடும். கொழுப்பாக இருந்தால் அதுவும் இல்லை. 'சார்பட்டா பரம்பரை' படத்தில் கபிலனுக்குத் தொப்பை விழுந்த கட்டத்தை நினைத்துப் பாருங்கள். தராசு அவரை மேல் பிரிவில் போடும். குத்து அங்கே போகாது.

ஆக, முறையாக எடை ஏற்றிய வீரரின் குத்து கொஞ்சம் பலப்படவே செய்கிறது. குறைவதற்கு இயற்பியலில் காரணமே இல்லை. பிறகு ஏன் கிராஃபோர்டுக்கு ஆட்கள் விழவில்லை?

வாங்கிக்கொள்கிறவரைப் பார்க்கவேண்டும். நாக்-அவுட் என்பது கை செய்கிற வேலை போலத் தெரிந்தாலும், நடக்கிற இடம் எதிராளியின் மண்டைக்குள். தாடையில் விழும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றுகிறது. மண்டையோடு சுழல, உள்ளே இருக்கும் மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. இழுபடும் பகுதிகளில், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் மூளைத்தண்டும் ஒன்று. தாடை நுனி கழுத்தின் சுழல் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் நெம்புகோல் நீளம் அங்கேதான் அதிகம்; நெற்றியில் விழும் அதே குத்துக்கு ஆள் நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் நேர்க்குத்தைவிடப் பக்கவாட்டில் வரும் ஹுக் ஆபத்தானது.

இங்கே ஒரு வேடிக்கை. மனிதத் தலை உடம்போடு சேர்ந்து பெரிதாவதில்லை. ஐம்பது கிலோ ஆளுக்கும் தொண்ணூறு கிலோ ஆளுக்கும் தலை ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கை மட்டும் கனத்துப்போக, தலை அப்படியே இருப்பதால்தான் ஹெவிவெயிட்டில் ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். அப்படியானால் கீழிருந்து ஏறிவரும் வீரனுக்கும் மேலே அதே தலைதானே இலக்கு, ஏன் விழக்கூடாது?

விடையின் ஒரு பகுதி கழுத்து. கணக்கை ரொம்பச் சுருக்கிச் சொல்கிறேன். 2.9 கிலோ பயன்படு நிறை விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து, 4.5 கிலோ தலையில் ஒட்டிக்கொண்டாற்போல மோதினால், தலை விநாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் பின்னால் போகும். கழுத்து இறுகி, உடம்பின் இன்னொரு ஒன்றரை கிலோவைத் தலையோடு கட்டிவிட்டால் அந்த வேகம் 2.9 மீட்டராகக் குறையும். ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது, குத்தியவர் எதையும் தப்பாகச் செய்யாமலே. அமெரிக்கப் பள்ளி விளையாட்டு வீரர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து 2014-ல் வந்த ஒரு ஆய்வு, கழுத்தின் பலம் ஒரு பவுண்டு கூடினால் மூளை அதிர்ச்சிக்கான வாய்ப்பு ஐந்து சதம் குறைகிறது என்றது. அவர்கள் கால்பந்து, கூடைப்பந்து ஆடியவர்கள், குத்துச்சண்டை வீரர்கள் அல்லர். தவிரவும் எதிர்பாராத குத்துக்குக் கழுத்து இறுக நேரமே இருப்பதில்லை. எனவே கழுத்தை மட்டும் நம்பி எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. மேல் பிரிவில் ஆட்கள் உயரம், கை நீளம். தாடையை எட்ட ஒரு அடி கூடுதலாக உள்ளே போகவேண்டும், அந்த ஒரு அடியில் இரண்டு குத்து வாங்கவேண்டும். முழு நீட்டத்தின் கடைசியில் பிடிக்கும் குத்தில் வேகம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். எதிராளி முன்னால் வந்தால் கதை மாறும். வருகிறவரின் வேகமும் குத்தின் வேகமும் கூட்டல் ஆகிவிடும். 2012 டிசம்பரில் ஹுவான் மானுவல் மார்க்கேஸ் மேனி பாக்கியாவோவை ஆறாவது ரவுண்டில் முகம் குப்புற விழச் செய்தது அப்படித்தான்: பாக்கியாவோ உள்ளே பாய்ந்த அதே கணத்தில் வலது கை வந்தது. அதற்கு முன் மூன்று சண்டைகளில் மார்க்கேஸால் அவரை ஒரு தடவைகூட நிறுத்த முடிந்ததில்லை.

ஆனாலும் என் கணக்கில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பயிற்சியாளர்கள் அனுபவத்தில் அறிவார்கள். எழுதுகிறவர்கள் ஏனோ அதிகம் பேசுவதில்லை. ஒவ்வொரு எடைப் பிரிவும் ஒரு சல்லடை. 75 கிலோ பிரிவில் பட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் பத்து வருஷமாக 75 கிலோ ஆட்களின் குத்தை வாங்கிக்கொண்டே மேலே வந்தவர். அந்தக் குத்துக்கு விழுகிறவர்களெல்லாம் வழியிலேயே நின்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களின் தாடைக்கு, கீழிருந்து வருகிறவரின் குத்து தினசரிப் பயிற்சியில் வாங்கும் அளவுதான். புதிதாக ஏறிவந்தவர் கீழே சந்தித்ததோ அறுபத்து மூன்று கிலோ குத்துக்கு மட்டும் சலிக்கப்பட்ட தாடைகளை. தலை எல்லா இடத்திலும் ஐந்து கிலோ என்றாலும், எந்தத் தலைகள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன என்பது ஒன்றாக இருப்பதில்லை. வீரரின் நாக்-அவுட் சதவீதம் என்று புள்ளிவிவரப் பட்டியலில் போடுகிறார்களே, அது அவருடைய கையைப் பற்றிய எண் அல்ல. கையும் எதிராளிகளின் வரிசையும் சேர்ந்து போட்ட எண்.

இனி தராசு. பிரிவுகளின் இடைவெளியே சமமாக இல்லை. தொழில்முறையில் 112 பவுண்டிலிருந்து அடுத்த படி 115. மூன்று சதம்கூட இல்லை. 147-லிருந்து 154 என்பது ஐந்து சதம். 175-லிருந்து 200 என்பது பதினான்கு சதம். ஃபிளைவெயிட்டுக்காரர் மூன்று படி ஏறியும் சேராத தூரத்தை, லைட் ஹெவிவெயிட்டுக்காரர் ஒரே படியில் தாண்டவேண்டும். 'எட்டுப் பிரிவுகளில் பட்டம்' என்று கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியம் தராசில் ஏறும் நேரம். எல்லிஸ் காலத்தில் சண்டை நாள் அன்றே எடை பார்த்தார்கள். 1980-களில் தொழில்முறையில் அது முந்தைய நாளுக்கு மாறியது. விளைவு, தண்ணீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, இறங்கியதும் குடித்துத் தின்று, மறுநாள் இரவு பல கிலோ கூடுதலாக ரிங்குக்குள் வருவது ஒரு கலையாகவே ஆகிவிட்டது. சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு மறுநாள் காலை இன்னொரு தடவை நிறுத்து, பத்து பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்று பட்டச் சண்டைகளுக்கு விதி வைத்தது இதனால்தான். 147 பவுண்டு சாம்பியன் என்று நாம் சொல்பவர் உண்மையில் 160 பவுண்டு ஆளாக இருக்கலாம். அவர் 'மேலே' போகும்போது உடம்பு மேலே போவதில்லை. வற்றவைப்பது மட்டும் நிற்கிறது. கீழே தன்னைவிடச் சிறியவர்களை அடித்துக்கொண்டிருந்தவர், மேலே தன் அளவு ஆட்களைச் சந்திக்கிறார். பவர் போய்விட்டது என்று ரசிகர்கள் வருந்துவதில் பாதி, அந்தச் சலுகை போனதற்கான வருத்தம்.

வற்றவைப்பதால் வரும் கேடு எதிர்த்திசையில் வேலை செய்யும். ஜப்பானின் நவோயா இனோவே 108 பவுண்டில் உலகச் சாம்பியனாக இருந்தார். அங்கே எடைக்காக உடம்பை வதைத்துக்கொண்டு, தசைப்பிடிப்போடு சண்டை போட்டவர். 2014 டிசம்பரில் நடுவில் ஒரு பிரிவைத் தாண்டி நேராக 115-க்கு ஏறினார். எதிரே ஓமர் நார்வாயெஸ், பல வருஷம் சாம்பியனாக இருந்தும் யாராலும் நிறுத்தப்படாதவர். இரண்டே ரவுண்டில் நாலு தடவை விழுந்தார். பிறகு 118-க்குப் போனபோதும், 2023-ல் 122-க்குப் போனபோதும் ஆட்கள் விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். இனோவேக்குப் புதிதாகப் பவர் வந்துவிடவில்லை. அடைத்து வைத்திருந்தது திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஜிம்மி எல்லிஸுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுவே என்று நினைக்கிறேன்: மிடில்வெயிட்டில் அவர் தன் உடம்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் 1970-ல் ஜோ ஃபிரேசியரின் இடது ஹுக் நாலாவது ரவுண்டில் அவரை இரண்டு தடவை கீழே போட்டது, ஐந்தாவதுக்கு அவரை அனுப்பவே இல்லை. அன்று இருவருக்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கை ஏறி வந்துவிட்டது. தாடை ஹெவிவெயிட்டில் சலிக்கப்படாதது.

அமெச்சூரில் சண்டை நாள் காலையிலேயே எடை பார்ப்பதால் ஏமாற்றுக்கு இடம் குறைவு, கொடுமைக்கு இடம் அதிகம். மல்யுத்தத்தில் வினேஷ் போகாட் 2024 பாரிஸில் இறுதிப் போட்டி நாள் காலை 100 கிராம் கூடியதற்காக வெளியேற்றப்பட்டதை நாடே பார்த்தது. அதே பாரிஸ் ஒலிம்பிக்கின் எடைப் பிரிவுப் பட்டியல்தான் நம் குத்துச்சண்டை வீராங்கனைகளின் எடையையும் தீர்மானித்தது. அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய 69 கிலோ பிரிவு பாரிஸில் இல்லை. 66-க்கு இறங்கவேண்டும், இல்லாவிட்டால் 75-க்கு ஏறவேண்டும். ஏறினார். 2023-ல் டெல்லியில் 75 கிலோ உலகச் சாம்பியனும் ஆனார். மேரி கோம் கதையும் அதே மாதிரி: 45 முதல் 48 கிலோ வரை உலகப் பட்டங்களைக் குவித்தவர், 2012 லண்டனில் பெண்களுக்கு முதன்முதலாகக் குத்துச்சண்டை வந்தபோது மிகச் சிறிய பிரிவே 51 என்பதால் ஏறவேண்டி வந்தது. அரையிறுதியில் தன்னைவிட உயரமான நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்று வெண்கலம் பெற்றார். ஹரியானாவின் விகாஸ் கிருஷன் இன்னும் தூரம் போனவர். 2010 ஆசியப் போட்டியில் 60 கிலோவில் தங்கம், 2012 ஒலிம்பிக்கில் 69, பிறகு 75, டோக்கியோவுக்காக மறுபடி 69. மூன்று நாலு ரவுண்டு அமெச்சூர் ஆட்டத்தில் இவர்கள் யாருக்கும் ஆளை விழவைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. விழவைக்கும் பலம் வராவிட்டாலும் தொட்டுவிட்டுத் தப்பும் வேகம் வந்தால் போதும். மேலே ஏறுவது அமெச்சூரில் சாத்தியப்படுவதும், தொழில்முறையில் பன்னிரண்டு ரவுண்டில் அம்பலப்படுவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதுவும் தோல் ஊரிலிருந்து எழுதுகிறவன் சொல்லாமல் விடக்கூடாது. தொழில்முறையில் வழக்கமாக 147 பவுண்டு வரை எட்டு அவுன்ஸ் கிளவுஸ், அதற்கு மேல் பத்து அவுன்ஸ். 57 கிராம்தான் வித்தியாசம். ஆனால் அந்த 57 கிராம் கையின் கடைசி நுனியில் தொங்குகிறது, ஒரு சண்டையில் பல நூறு தடவை வீசவேண்டும். பெரும்பகுதி திணிப்பாகச் சேர்வதால் மோதும் நேரம் சற்று நீண்டு, விசையின் உச்சி மழுங்கும். திணிப்பின் வகையும் பேசும்: மெக்சிகோவின் கிளெட்டோ ரேயஸ் குதிரை முடி திணித்தது, அதை அடிப்பவர்கள் விரும்புவார்கள், ஜப்பானின் வின்னிங் மெத்தென்றது, கை எலும்பைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் அதைக் கேட்பார்கள். மேல் தோல் ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா என்பது உழைப்பைத் தீர்மானிக்குமே ஒழிய, விசையை அவ்வளவாகப் பாதிக்காது. வாணியம்பாடி, ஆம்பூர் தோலில் பெரும்பகுதி ஷூவுக்குத்தான் போகிறது. இந்தியாவில் கிளவுஸ் தைப்பது மீரட்டும் ஜலந்தரும்.

கடைசியாக பாக்கியாவோ. எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்ற ஒரே மனிதர், எடையேற்றத்தின் உச்ச உதாரணம் என்று எல்லோரும் காட்டும் ஆள். 106 பவுண்டில் தொடங்கியவர். 2008 ஜூனில் 135 பவுண்டில் டேவிட் டயஸை ஒன்பதாவது ரவுண்டில் விழவைத்தார். டிசம்பரில் ஆஸ்கார் டி லா ஹோயா எட்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலை விட்டு எழவில்லை. 2009 மே மாதம் ரிக்கி ஹாட்டனை இரண்டாவது ரவுண்டில் அசைவற்றுக் கிடக்கச் செய்தார். நவம்பரில் மிகெல் கோட்டோ பன்னிரண்டாவதில் நிறுத்தப்பட்டார். எடை ஏற ஏறப் பவரும் ஏறுகிற அதிசயம் என்று அன்று எழுதினார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், டி லா ஹோயா 154-லிருந்து வற்றி வற்றி இறங்கி வந்தவர். கோட்டோவோடு ஒப்பந்தம் போட்ட எடை பிரிவின் வரம்பான 147 அல்ல, 145.

அதற்கப்புறம் வறட்சி. 2010 நவம்பரில் அந்தோனியோ மார்கரிட்டோ சண்டை இரவில் பாக்கியாவோவைவிடப் பதினேழு பவுண்டு கனமாக ரிங்குக்குள் வந்தார். பன்னிரண்டு ரவுண்டும் குத்து வாங்கினார், கண்குழி எலும்பு உடைந்தது, ஆள் விழவில்லை. எலும்பை உடைக்கும் விசை அந்தக் கையில் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அடுத்த எதிராளி மோஸ்லி விழுந்தும் எழுந்து கடைசிவரை நின்றார். பிறகு வந்த பிராட்லி மூன்று சண்டைகளிலும் கடைசிவரை நின்றார். 2009 நவம்பருக்குப் பிறகு ஏறக்குறைய ஒன்பது வருஷம் பாக்கியாவோ யாரையும் நேரத்துக்கு முன் நிறுத்தவில்லை.

2018 ஜூலையில் கோலாலம்பூரில், 39 வயதில், லூகாஸ் மத்தீஸேயை மூன்று தடவை தரையில் போட்டு ஏழாவது ரவுண்டில் முடித்தார். பவர் திரும்பிவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. மத்தீஸே தன் பேரைச் சம்பாதித்தது 140 பவுண்டில். 147-க்கு அவரும் ஏறி வந்தவர்தான்.